இல்லாத வார்டின் நோயாளி

அத்தியாயம் 6

செத்துப்போன மனிதர் வேலைக்கு வருவதற்கு இன்னும் பதினேழு நிமிடங்கள் இருந்தன.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டுமே மூன்றரை என்று அடித்துச் சொன்னன. வெளியே கண் கூசும் வெயில். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகளும் கார்களும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஆனால் தரைக்குக் கீழே இருந்த இந்த நீள அறையில் ஜன்னல் என்று ஒன்று கிடையாது, அதனால் பகல் என்று ஒன்றும் கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆளுயர இரும்பு அலமாரிகளில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"ஊசி, ஒண்ணு கேக்கட்டுமா? பேய் வர்ற ரூமுக்கு எதுக்கும்மா ஏசி? குளிரை அதுவே கொண்டுவருமே."

"மிஷினுக்கு மாமா. சூடானா படுத்துடும்."

"மனுஷன் சில்லுன்னு ஆனா படுத்துடுவான். அதைப் பத்தி இங்க யாருக்கும் கவலை இல்ல."

ஊசி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதது மாமாவுக்குப் பழக்கம்தான். அக்கா மகள். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் எங்கோ கிடக்கிறது. சின்ன வயதிலேயே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் ஒரே கேள்வியில் நறுக்கென்று குத்திவிடுவாள். அதற்காக மாமா வைத்த செல்லப்பெயர் இப்போது அவளுடைய துப்பறியும் அலுவலகப் பலகையிலேயே ஏறிவிட்டது. மாமா முப்பத்து நாலு வருஷம் இரும்பு பீரோ கம்பெனியில் பூட்டுப் பொருத்தியவர். மனைவி போன பிறகு வெறும் வீட்டில் உட்கார முடியாமல் இவளோடு ஒட்டிக்கொண்டார். வண்டி ஓட்டுவது, பூட்டுத் திறப்பது, வாயடிப்பது மூன்றும் அவர் இலாகா. உள்ளதைச் சொன்னால், பயம் வந்தால்தான் அவருக்கு வாய் நீளும். இன்றைக்கு அது நிற்கவே இல்லை.

அவரைவிடப் பயப்பட வேண்டியவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை டேட்டாபேஸ் அம்மா என்பார்கள். மூன்று லட்சம் நோயாளிகளின் விவரங்களுக்கு அவள்தான் காவல். யாருக்கு என்ன வியாதி, யார் எந்த மாத்திரையில் ஓடுகிறார்கள், யார் யாரிடம் எதை மறைத்தார்கள், எல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. நாற்பதை நெருங்கிய அந்த முகத்தில் மூன்று நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

விஷயம் இதுதான். சில மாதங்களாக இங்கே வைத்தியம் பார்த்தவர்களுக்கு யாரோ போன் செய்து, "உன் வியாதி என்னன்னு எங்களுக்குத் தெரியும்" என்று மிரட்டுகிறார்கள். ஒரு பஸ் டிரைவர். சின்ன வயதில் வலிப்பு வந்து, பத்து வருஷமாக மருந்தில் நன்றாக இருப்பவர். மிரட்டலுக்கு மசியவில்லை. விஷயம் முதலாளியின் காதுக்குப் போனது, வேலை போனது, போன வாரம் மனிதர் விஷத்தைக் குடித்துவிட்டார். இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். விவரம் எந்த வழியாக வெளியே போனது என்று தோண்டியதில் ஒரு பெயர் கிடைத்தது. தினமும் பிற்பகல் மூன்று நாற்பத்தேழுக்கு அந்தப் பெயரில் ஒருவர் தரவுத்தளத்துக்குள் நுழைகிறார். ஒரே ஒரு நோயாளியின் ஃபைலைப் படிக்கிறார். போய்விடுகிறார்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. டேட்டாபேஸ் அம்மாவுக்கு முன்பு இங்கே தலைமை நிர்வாகியாக இருந்தவர். பெரிய வட்டக் கண்ணாடி போட்டிருந்ததால் ஆந்தை சார்.

அவருடைய பாஸ்வேர்டு தெரிந்து உயிரோடு இருப்பவள் டேட்டாபேஸ் அம்மா ஒருத்திதான். எனவே செத்தவர் பெயரில் உள்ளே போய் விவரத்தைத் திருடுபவளும் அவள்தான் என்பது ஆஸ்பத்திரி டைரக்டரின் முடிவு. ஐந்து மணிக்குப் போலீஸ் வருகிறது. அதற்குள் 'ஆமாம், அவள்தான்' என்று எழுதித் தரத்தான் ஊசியை வரவழைத்திருந்தார். அவள் வேறு எதையாவது கண்டுபிடித்துவிடுவாள் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"செத்துப்போனவர் கணக்கை ஏன் மூடலை?" ஊசி கேட்டாள்.

"மூட முடியாது மேடம். பேக்கப், தினசரி ரிப்போர்ட், லேப் ரிசல்ட் வந்து சேர்றது, எல்லா வேலையையும் அவர் தன் பேர்லயே ஓட விட்டிருந்தாரு. அவர் பேரைப் பூட்டினா பாதி ஆஸ்பத்திரி நின்னுடும். எங்க தொழில்ல எல்லாரும் பண்ற தப்புதான். ஒவ்வொண்ணா வேற பேருக்கு மாத்திட்டு வரேன்."

"பதினோரு மாசமாவா?"

டேட்டாபேஸ் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மூணே மூணு வேலைதான் பாக்கி, அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கலை. அதையும் மாத்திட்டா அவர் பேரை அழிச்சாகணும். கை வரலை."

மாமாவின் கை சட்டைப்பைக்குப் போனது. அதில் இருந்த போனில் இன்னும் மனைவியின் நம்பர் இருந்தது. யார் அழைத்தாலும் அந்தப் பெயர் வந்துவிடாதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மூளை கலங்கிவிட்டது என்பார்கள்.

"அவர் செத்த அன்னிக்கு நான் லீவு," என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "பொண்ணுக்கு நல்ல ஜுரம். சாயந்திரம் மூணு தடவை கூப்பிட்டாரு. லீவுல கூட விடமாட்டாரா மனுஷன்னு மூணு தடவையும் கட் பண்ணிட்டேன். அரைமணி நேரம் கழிச்சு பஸ் ஸ்டாப்புல விழுந்துட்டாரு. மாரடைப்பு. என்ன சொல்லக் கூப்பிட்டாரு? அதைச் சொல்லத்தான் தினம் வர்றாரோன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறையின் மூலையில் ஆந்தை சாரின் மேசை அப்படியே இருந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். அந்த மேசையைச் சுற்றி நாலடிக்கு யாரும் எதுவும் வைப்பதில்லை. குப்பைக்கூடைகூடத் தள்ளியே இருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, காகிதக் கோப்பைகளில் காபியோடு ஒரு ஆள் வந்தான். கண்காணிப்பு அறைப் பொறுப்பாளன். தரவுத்தளத்துக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்பதைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்ப்பவன். எது நடந்தாலும் ஊரைக் கூட்டுவதால் சைரன் என்று பெயர்.

"சூடா குடிங்க மேடம். இன்னும் அஞ்சு நிமிஷத்துல சார் வந்துருவாரு. செத்தும் லேட்டா வந்ததில்ல."

"நீங்கதான் இதை முதல்ல பாத்தீங்களா?"

"நான்தான். பாத்தேன், பயந்தேன், டைரக்டர்கிட்ட சொன்னேன். நான் வேற என்ன பண்ண முடியும்?"

"உங்களால நோயாளி ஃபைலைத் திறந்து பாக்க முடியுமா?"

"ஐயோ, அந்த உரிமை எனக்கு இல்ல மேடம். நான் வாசல்ல நிக்கிற ஆளு. யாரு வந்தாங்க, எந்த நம்பர் ஃபைலைத் தொட்டாங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

"ரொம்ப அடக்கமான வாட்ச்மேன்," என்றார் மாமா, காபியை உறிஞ்சிக்கொண்டே. "காபியும் கொண்டுவர்றாரு."

கடிகாரத்தின் முள் நகர்ந்தது. நாலு பேரும் திரையையே பார்த்தார்கள். மூன்று நாற்பத்தாறு. டேட்டாபேஸ் அம்மாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

மூன்று நாற்பத்தேழு.

திரையில் ஒரு புது வரி விழுந்தது. அதில் ஆந்தை சாரின் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு ஏழு இலக்க ஃபைல் எண். ஒரு நொடி. அடுத்த வரி: வெளியேறினார்.

அதே நொடியில், எங்கிருந்தோ ஒரு முனகல். ம்ம்ம்... ம்ம்ம். தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போவது போல. மாமா கையிலிருந்த காபி பாதி சட்டையில் இறங்கியது.

"கேட்டீங்களா? கேட்டுச்சுல்ல?" டேட்டாபேஸ் அம்மா காதுகளைப் பொத்திக்கொண்டாள். "தினமும் இப்படித்தான். சில நாள் வேற நேரத்துலயும் வரும். அவர் சீட் பக்கத்துலருந்து."

"மிஷின் சத்தம்மா," என்றான் சைரன். "பாவம் சாரு. செத்தும் அந்தக் கிழவியைத்தான் தினம் பாக்க வர்றாரு. சரி, நான் போய் டைரக்டரைக் கூட்டிட்டு வரேன். கண்ணாலயே பாத்துட்டீங்க, இனிமே எழுதிக் கொடுக்குறதுதானே பாக்கி." கதவு அவன் பின்னால் மெதுவாக மூடிக்கொண்டது.

ஊசி அசையவில்லை. மேசை விளிம்பில் விரலை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிக் கல்லாக உட்கார்ந்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று மாமாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் பார்வையாலேயே எரித்துவிடுவாள். ஆனால் வாயை மூடினால் அந்த முனகல் மறுபடி கேட்டுவிடுமோ என்று அவருக்குப் பயம். எனவே டேட்டாபேஸ் அம்மாவிடம் தன் தொழிலைப் பேச ஆரம்பித்தார்.

"ஏம்மா, உங்க பூட்டை எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்துவீங்க?"

"பாஸ்வேர்டா? மாசம் ஒருதரம் மாத்தியே ஆகணும் ஐயா. அது சட்டம்."

"முழுசா மாத்துவீங்களா?"

அவள் முகம் சிவந்தது. "கடைசி நம்பரை மட்டும். ஜனவரின்னா ஒண்ணு, பிப்ரவரின்னா ரெண்டு..."

"அட கடவுளே. முழு ஆஸ்பத்திரிக்கும் காவல், சாவியைச் செடித்தொட்டிக்கு அடியில வச்சிருக்கீங்க. யாருக்காவது அந்தச் சாவியைக் கொடுத்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. அந்த லீவு நாளைக்குத்தான். பேக்கப் நின்னுபோச்சு, சார் மீட்டிங்ல இருக்காரு, அவசரம்னு சைரன் போன் பண்ணான். பொண்ணு மடியில வாந்தி எடுத்துட்டு இருக்கா. சொல்லிட்டேன். அடுத்த நாளே மாத்திட்டேன் ஐயா!"

"எப்படி, நம்பரை மட்டும் மாத்தியா?"

அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

ஊசி திரும்பினாள். "அந்த ஃபைலைத் திறங்க."

"மேடம், வேண்டாம். இத்தனை நாள் நான் திறந்ததே இல்ல. திறந்தா என் பேர் பதிவாகும். அதைவிட..." அவள் மூலையில் இருந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள். "அவர் பாக்குறதை நான் பாக்கக்கூடாதுன்னு தோணுது."

"அஞ்சு மணிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. உங்க பொண்ணு ஸ்கூல் விட்டு எத்தனை மணிக்கு வருவா?"

டேட்டாபேஸ் அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு எண்ணைத் தட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

ஃபைல் திறந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. பெண். வயது தொண்ணூற்றொன்று. வியாதி: ஒன்றுமில்லை. அனுமதிக்கப்பட்ட இடம்: வார்டு பதிமூன்று.

"இங்க பன்னிரண்டு வார்டுதான் இருக்கு," என்றாள் டேட்டாபேஸ் அம்மா, மூச்சு விடாமல்.

ம்ம்ம்... ம்ம்ம்.

இந்த முறை முனகல் தெளிவாகவே கேட்டது. ஓடிவிடலாம் என்று மாமாவின் கால் சொன்னது. ஆனால் முப்பத்து நாலு வருஷம் பூட்டுக்குள் காதை வைத்து, எந்தப் பல் எங்கே தட்டுகிறது என்று கேட்டுப் பழகிய காது வேறு ஒன்றைச் சொன்னது. இது தொண்டையிலிருந்து வரும் சத்தம் இல்லை. மரத்தில் உலோகம் அதிரும் சத்தம்.

"ஊசி, பேய் டிராயருக்குள்ள இருக்கும்மா," என்றார்.

இல்லாத தைரியத்தை எல்லாம் கூட்டி அந்த மேசைக்குப் போனார். ஸ்வெட்டரைத் தொடாமல் குனிந்தார். மேசையின் பின்பலகையில் ஒரு துளை, அதன் வழியே ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் சுவர் பிளக்கிலிருந்து உள்ளே போனது. பதினோரு மாதமாக அந்தச் சுவிட்சை அணைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கீழ் டிராயர் பூட்டியிருந்தது. மாமா பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க சார்," என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். பத்து நொடிகூட ஆகவில்லை.

டிராயருக்குள் ஒரு பழைய பட்டன் போன், சார்ஜரில் செருகியபடி. அதன் சின்னத் திரை வெளிச்சமாக இருந்தது.

"ஆபீஸ் போன்," டேட்டாபேஸ் அம்மா கிசுகிசுத்தாள். "அவர் செத்தப்போ தேடினோம். தொலைஞ்சிருச்சுன்னு விட்டுட்டோம்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முந்நூறுக்கு மேல் மெசேஜ்கள். பெரும்பாலானவை ஒரே வாசகம், ஒரே நேரம், மூன்று நாற்பத்தேழு: 'தூண்டில் இருக்கிறது.' டேட்டாபேஸ் அம்மா அதைக் கேட்டதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூண்டில்! ஐயோ, எனக்கு ஏன் தோணாம போச்சு? மேடம், அது போலி நோயாளி. அந்தக் கிழவி இந்த உலகத்துலயே கிடையாது. டாக்டரோ நர்ஸோ அவங்கவங்க நோயாளியைத்தான் தேடுவாங்க. இந்த ஃபைலைத் தொட யாருக்கும் காரணமே இல்ல. மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறவன்தான் இவளையும் சேர்த்து அள்ளுவான். அப்போ இந்த போனுக்குத் தகவல் வரும். தூண்டில் அதே இடத்துல இருக்கான்னு தினம் ஒருதரம் தானா போய்ப் பாக்க ஒரு வேலையை ஓட விட்டிருக்காரு. மூணே முக்காலுக்குக் காபி குடிச்சுட்டுச் சரியா வந்து உட்காருவாரு. அதான் நாற்பத்தேழு."

"ஆக, பேய் வேவு பாக்க வரலை. ரோந்து வந்திருக்கு," என்றார் மாமா. அவருக்கே தெரியாமல் கண் கலங்கியிருந்தது. பதினோரு மாதமாக ஒரு மனிதர் போட்டுவைத்த மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க வேண்டியவர் மட்டும் இல்லை. கேட்ட பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ 'இருக்கிறது' இல்லாத மெசேஜும் இருக்கணும்," என்றாள் ஊசி. "தேடுங்க மாமா."

மாமா பட்டனை அழுத்திக்கொண்டே போனார். இருந்தன. நாற்பத்திரண்டு. முதல் ஒன்றைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது அவர் முகம் மாறியது.

கதவு திறந்தது. டைரக்டர், அவருக்குப் பின்னால் சைரன். "நாலரை ஆயிடுச்சு. எழுதியாச்சா?" என்றார் டைரக்டர்.

"மாமா, சத்தமா படிங்க," என்றாள் ஊசி.

மாமா போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "'தூண்டிலைத் தொட்டவர்...' அப்புறம் ஒரு கணக்குப் பேர்." அவர் அந்தப் பேரைச் சொன்னார்.

அது டேட்டாபேஸ் அம்மாவின் கணக்கு. நாற்பத்திரண்டு மெசேஜிலும் அதே பேர்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" டைரக்டர் மேசையைத் தட்டினார். "செத்தவரே சாட்சி சொல்லிட்டாரு. இன்னும் என்ன வேணும்?"

டேட்டாபேஸ் அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் இல்லை. இப்போ திறந்தேனே, அது ஒண்ணுதான் நான். சத்தியமா நான் இல்லை. சார் என்னைத் திருடின்னு நினைச்சுட்டேதான் செத்தாரா?" அவள் அழுத அழுகையில் ஐந்து மணியும் இல்லை, போலீசும் இல்லை. அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணையா நம்பி ஏமாந்தோம் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். கட்டைவிரல் பழக்கத்தில் கீழ்ப் பட்டனை அழுத்தியது. வரி நகர்ந்தது.

"ஊசி, தீப்பெட்டி சைஸ் திரைம்மா இது. கீழ இன்னொரு வரி ஒளிஞ்சிருக்கு. 'இருக்கை: தரவுத்தள அறை, ஒன்று.' இது இப்போ இந்தம்மா திறந்தது. முந்தினதைப் பாக்குறேன். 'இருக்கை: கண்காணிப்பு அறை, மூன்று.' அதுக்கு முந்தினது, கண்காணிப்பு அறை மூன்று. அதுக்கும் முந்தினது... எல்லாம் மூன்றுதான். நாற்பத்தொண்ணும்."

டைரக்டர் சைரனைப் பார்த்தார். அந்த இருக்கை யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"என் சீட்டுல யார் வேணா உட்காரலாம் சார்," என்றான் சைரன். வழக்கத்துக்கு மாறாகக் குரல் தாழ்ந்திருந்தது. "இவங்க எத்தனையோ தடவை என் ரூமுக்கு வந்திருக்காங்க. என் மிஷினைப் பயன்படுத்திட்டுப் போயிருப்பாங்க."

"இருக்கலாம்," என்றாள் ஊசி. "மாமா, அந்த நாற்பத்தொண்ணுல முதல் மெசேஜ் என்னிக்கு?"

மாமா தேதியைப் படித்தார். தரையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "அது சார் செத்த நாள். அன்னிக்கு நான் லீவு. ஜுரத்தோட பொண்ணை இங்கயே மேல குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு, மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டேன். இது சாயந்திரம் அஞ்சரைக்கு வந்திருக்கு."

"வீட்டுல இருந்ததுக்கு யார் சாட்சி?" சைரன் சட்டென்று கேட்டான். "வேற யாருக்காவது பாஸ்வேர்டு கொடுத்திருப்பாங்க. எனக்கு என்ன தெரியும்? நான் வாசல்ல நிக்கிற ஆளு."

"அதைத்தான் மூணே முக்கால்லருந்து யோசிச்சுட்டு இருக்கேன்," என்றாள் ஊசி. அவள் குரல் உயரவே இல்லை. "உங்க திரையில என்ன தெரியும்? யார், எந்த எண். அவ்வளவுதான், நீங்களே சொன்னீங்க. இந்தம்மா அந்த ஃபைலை இன்னிக்குதான் முதல் தடவையா திறந்தாங்க. டாக்டர் யாரும் திறந்ததில்ல. திறந்திருந்தா இந்த போன்ல பதிவாகியிருக்கும். அப்படி இருக்க, அந்த எண்ணுக்குப் பின்னாடி இருக்குறது ஒரு கிழவின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சைரன் ஒரு அடி பின்வாங்கினான்.

"நான்... எப்போ அப்படிச் சொன்னேன்?"

"காபி கொண்டுவந்து கொடுத்துட்டுச் சொன்னீங்க," என்றார் மாமா. "'செத்தும் அந்தக் கிழவியைத்தான் பாக்க வர்றாரு'ன்னு. என் சட்டையில காபி கொட்டின நேரம். கறை இன்னும் இருக்கு பாருங்க."

சைரன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதிலிருந்து சத்தம் வரவில்லை. தினம் வரும் ஆவி எதைப் பார்க்கிறது என்று அவனுக்கும் அரிப்பு எடுத்திருக்கிறது. தான் அள்ளி வைத்திருந்த திருட்டுப் பிரதியில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்திருக்கிறான். தொண்ணூற்றொரு வயதுக் கிழவி. அது தூண்டில் என்று அவனுக்கும் தோன்றவில்லை. தினம் வரும் செத்தவரைக் காட்டி, அவர் பாஸ்வேர்டு தெரிந்த உயிருள்ளவளை மாட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது.

"மூணாம் மாடியில ஒருத்தர் கிடக்காரு," என்றாள் ஊசி. "போலீஸ் வர்றதுக்குள்ள ஒரு தடவை போய் அவரைப் பாத்துட்டு வாங்களேன்."

அவன் போகவில்லை. நாற்காலியைத் தேடி உட்காரப் போனவன், அது ஆந்தை சாரின் நாற்காலி என்று கண்டதும் துள்ளி விலகினான். ஐந்து மணிக்கு வந்தவர்கள் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். டைரக்டர் கூடவே போனார். போகும்போது டேட்டாபேஸ் அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பட்டன் போனைக் கேட்டு ஒரு போலீஸ்காரர் வாசலில் காத்திருந்தார். "ஒரே நிமிஷம்," என்றார் மாமா. மெசேஜ் பட்டியலின் கடைசிப் பெட்டியை அவர் அதுவரை திறக்கவில்லை. அனுப்பாமல் நின்றுபோனவை. அதில் ஒன்று இருந்தது. பதினோரு மாதத்துக்கு முந்தைய அதே நாள், மாலை ஆறு மணி. ஒரு வரி படித்தவர், மேலே படிக்காமல் போனை அப்படியே அவளிடம் நீட்டினார்.

"இது உங்களுக்கு வந்ததும்மா. கொஞ்சம் லேட்டு."

டேட்டாபேஸ் அம்மா படித்தாள்.

'மூணு தடவை கூப்பிட்டேன், குழந்தையோடு இருப்பாய். உன் பெயரில் யாரோ தூண்டிலைத் தொட்டிருக்கிறார்கள். நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஜுரம் விட்டதும் பாஸ்வேர்டை மாற்று, முழுசாக. அவசரம் இல்லை, நாளைக்குப் பேசலா'

கடைசி எழுத்து இல்லை. பஸ்ஸுக்கு நேரம் ஆகியிருக்கும், அல்லது வலி வந்திருக்கும், போனை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு எழுந்திருப்பார். அவள் அந்தச் சின்னத் திரையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வாசலில் நின்ற போலீஸ்காரர்கூட அவசரப்படுத்தவில்லை.

பிறகு போனைக் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். பாக்கி இருந்த மூன்று வேலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். "உங்க பேர்ல ஓட விட்டுடாதீங்கம்மா," என்றார் மாமா. "நாளைக்கு உங்களையும் பேயாக்கிடுவாங்க."

"இல்ல ஐயா. ஆள் பேரே வேண்டாம், பொதுப் பேர்ல போடுறேன்." அழுத முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்து போனது. தூண்டிலின் தகவல் போய்ச் சேர வேண்டிய எண்ணை அழித்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள். கடைசியாக ஆந்தை சாரின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது. அவள் ஸ்வெட்டர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஆம் என்று அழுத்தினாள்.

பெயர் போனது. அலமாரிகளின் பச்சை விளக்குகள் ஒன்றுகூட அணையவில்லை.

"வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடலாம்," என்றாள் ஊசி.

டேட்டாபேஸ் அம்மா ஒரு பொத்தானைத் தட்டினாள். ம்ம்ம் என்று அவள் கைப்பைக்குள் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் இந்த முறை காதைப் பொத்தவில்லை. பையைத் திறந்து போனை எடுத்தாள். வந்தது வெறும் மெசேஜ்தான், 'தூண்டில் இருக்கிறது' என்று இரண்டே வார்த்தை. இருந்தும் அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டேன் சார்," என்றாள்.